குழாயடிப் பெண்கள்

மூக்கு நுனியில் ஈ வந்து உட்கார்ந்தது. உட்காரட்டும், அதுவும் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்று கமலவேணி நினைத்தாள். ஊதி விரட்டினால் உதடு அசையும், உதடு அசைந்தால் கன்னம் அசையும், கன்னம் அசைந்தால் எஸ்தர்ராணி டீச்சர் தூரிகையை நிறுத்திவிட்டு ‘அக்கா’ என்பாள். அந்த அக்காவில் கோபம் இருக்காது, அதுதான் தொல்லை. கோபம் இருந்தால் பதிலுக்கு இவளும் முணுமுணுத்துக்கொள்ளலாம். பெரியமேட்டில் ஒரு தோல் மண்டிக்கு மேலே இருந்த மாடி அறை அது. கீழேயிருந்து ஏறிவரும் தோல் நாற்றமும் மேலேயிருந்து இறங்கும், சாயத்தில் கலக்கிற டர்ப்பன்டைன் நெடியும் மாடிப்படியில் மோதிக்கொள்ளும், எது ஜெயித்தது என்று அன்றன்றைக்குக் காற்றைப் பொறுத்துத் தெரியும். இன்றைக்குத் தோல்தான். நாலைந்து மரப்பெட்டிகளைச் சேர்த்துப் போட்ட மேடையில், இடுப்பில் காலிக் குடத்தோடு, அடி பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவளை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டால் எப்படித் திரும்புவாளோ அப்படித் திரும்பி அவள் நின்றுகொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறி நின்றது. இடது கட்டைவிரலில் தொடங்கிய மரப்பு இப்போது கெண்டைக்கால்வரை வந்துவிட்டது. வரட்டும், அதற்கென்ன, முட்டிக்கு மேலே ஏறினால் பார்த்துக்கொள்ளலாம். ஓவியக் கல்லூரியில் பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக நிற்பதுதான் அவளுக்கு வேலை, வாரக் கடைசியில் டீச்சரின் சொந்தப் படத்துக்காக இங்கே வந்து நிற்பது உபரி. நிற்கிறதுக்கு ஒரு சம்பளமா என்று முதலில் அவளுக்கே சிரிப்பு வந்தது. மகன் நடேசனிடம் சொன்னபோது அவன் இன்னும் சிரித்தான். "எங்க மின்சாரக் கம்பமெல்லாம் நாள் பூரா நிக்குதும்மா, ஒரு பய காசு குடுத்ததில்ல. நீ நில்லு," என்றான். நில்லு என்று அவனே சொல்லிவிட்டான், அவன் வாயாலேயே. அதை அவள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வாள். நிற்பது வேறு, ஆடுவது வேறு. அசையாமல் நிற்கிறவளை ஆடுகிறாள் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது, எந்தக் கோயிலிலும் சொல்ல முடியாது. ஈ பறந்துபோயிற்று. உட்கார்ந்த இடத்தில் நமைச்சலை மட்டும் வைத்துவிட்டுப் போயிற்று.

கோயிலில் சொல்ல முடியுமா முடியாதா என்று அவள் கேட்டும் பார்த்தவள்தான், சும்மா நம்பி வந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தெருமுனை அங்காளம்மன் சன்னதியில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப்போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் செய்யலாம் என்று அர்த்தம். ஆனால் கேட்ட கேள்வி என்ன? நிற்கலாமா தாயே என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆடலாமா என்று கேட்கவில்லை. நிற்கலாமா என்று கேட்டால் எந்தத் தெய்வம் கூடாது என்று சொல்லும், தெய்வமே அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. இந்தச் சாமர்த்தியத்தை நினைக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும், அதற்கு அடியில், சோற்றில் கல் நெருடுவதுபோல ஒரு பயமாகவும் இருக்கும். ஏனென்றால் சத்தியம் சின்னச் சத்தியம் இல்லை. நடேசனுக்குப் பெண் பார்த்து முடித்த வாரம், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டு அவன் அழுதான். மீசை முளைத்த பிள்ளை அழுவதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பள்ளிக்கூடத்துல டான்ஸ்காரி மவன்னு கூப்பிட்டானுங்க, பொறுத்துக்கிட்டேன். வேலையில சேர்ந்தப்புறமும் புதுக்கோட்டைக்காரன் ஒருத்தன் வந்து சொல்லிட்டான். இனிமே எம் பொண்டாட்டியும் கேக்கணுமாம்மா?" அவள் ஸ்பெஷல் நாடகங்களில் ஆடியவள். கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டால் முதலில் பபூனோடு மேடைக்கு வந்து விடியும்வரை கூட்டம் கலையாமல் ஆடித் தருகிற டான்ஸ்காரி, புதுக்கோட்டை வட்டாரத்தில் கமலவேணி என்றால் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதை அப்போதே விட்டு வருஷக்கணக்காயிற்று. ஆனாலும் கல்யாண வீட்டில் மேளம் கேட்டால் தோள் துள்ளும், மாரியம்மன் கரகம் தெருவில் வந்தால் இடுப்பு தானாக ஒரு பக்கம் போகும், பார்க்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். பிள்ளைக்கு அதுதான் தாங்கவில்லை. சரி என்று கற்பூரத்தை ஏற்றினாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள், அந்தச் சூடு ஆறுவதற்குள் கையை அவன் தலைமேல் வைத்து, இனி ஆடினால் இந்தத் தலைக்கு ஆகாது என்று சொன்னாள். அவன் கேட்டது சத்தியம் மட்டும்தான். தலையை நடுவில் கொண்டுவந்தது அவளேதான். உணர்ச்சிவசப்பட்டால் அவளுக்கு எப்போதும் வசனம் ஒரு வரி கூடுதலாக வந்துவிடும், நாடகத்தில் பழகிய வாய். ஆடுகிற சாமியின் பேரைப் பிள்ளைக்கு வைத்து, அந்தப் பிள்ளையே ஆடாதே என்று சொல்லும்படி ஆயிற்று பாருங்கள்.

தலைக்கு ஆகாது என்று சொன்னது எந்தத் தலைக்கு? நாள் முழுக்கக் கம்பத்தின் உச்சியில் இருக்கிற தலைக்கு. நடேசனுக்கு மின்சார வாரியத்தில் லைன்மேன் வேலை. அதை யோசித்திருக்க வேண்டாமா, அரிசிக்கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் அதிகம் போனால் மூட்டை விழும். இவன் ஏணியைச் சாய்த்துக் கம்பியைத் தொட்டு வேலை செய்கிறவன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கிறீச்சென்றது. அந்தக் கிறீச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. ஆரம்பத்தில் கரண்ட் போனால்தான் பயந்தாள், ஏதோ ஆகிவிட்டது, எங்கோ எவனோ தொங்குகிறான் என்று நெஞ்சு அடைக்கும். நடேசன்தான் திருத்தினான். "கரண்டு போனா சந்தோசப்படும்மா. போச்சுன்னா லைனை ஆஃப் பண்ணிட்டுப் பத்திரமா வேலை செய்யறோம்னு அர்த்தம். ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் பயப்படணும்." நல்ல ஆறுதல் சொன்னான் பிள்ளை. அதிலிருந்து விசிறி சுற்றும்போதெல்லாம் பயம், அது எந்த ஊரில் சுற்றாமல் இருக்கிறது? மற்ற இடங்களில் மறந்திருக்கலாம், இந்த மேடைமேல் நிற்கும்போது மறக்க முடிவதில்லை. ஏனென்றால் இங்கே நிற்கும்போது உடம்புக்குள் ஏதோ நடக்கிறது. டீச்சர் சொல்வதெல்லாம் வீட்டுக் காரியம்தான்: பம்பு அடிக்கிற மாதிரி குனியுங்க, குடத்தைத் தூக்கி இடுப்புல வெக்கிற மாதிரி, வரிசையில புகுந்தவளைத் திட்டற மாதிரி, காத்துக்கிட்டுச் சலிச்சுப்போன மாதிரி. ஒவ்வொரு வாரமும் ஒன்று. குடம் எடுக்காத கையா, பம்பு அடிக்காத முதுகா, அவளுக்கு என்ன கஷ்டம்? ஆனால் குனிந்தால் முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கி இடம் செய்துகொண்டது. குடம் இடுப்புக்கு வந்தால் அந்த இடுப்பு குடத்துக்காக அல்ல, தனக்காக ஒரு விரற்கடை வெளியே போயிற்று. இப்போது கழுத்தைத் திருப்பி நிற்கிறாள், திருப்பிய கழுத்துக்கு எதிர்ப்பக்கம் தோள் இறங்கியிருக்கிறது, யார் இறங்கச் சொன்னது? நிமிர்த்தலாம். நிமிர்த்தினால் அசையும். அசைந்தால் ‘அக்கா’. அசையாமல் இருப்பதற்காகவே தப்பாக நிற்க வேண்டியிருந்தது. மேலே விசிறி கிறீச் என்றது, கிறீச் என்றது, அப்புறம் மெதுவாகி, இழுத்து இழுத்து நின்றுபோயிற்று. கரண்ட் போய்விட்டது. கமலவேணி மேடையில் நின்றபடியே ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மூச்சு, அக்கா," என்றாள் டீச்சர் படச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து.

மூச்சுக்கும் வந்தாயிற்றா கேடு. படம் இவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் எப்போதும் இருக்கும், பழைய துணியும் ஆணியும் குறுக்குச் சட்டமும்தான் இவளுக்குத் தெரியும். எட்டிப் பார்க்க டீச்சர் தடுத்ததில்லை, இவளுக்குத்தான் ஆசை விட்டுப்போயிற்று. கல்லூரியில் ஆரம்ப நாளில் ஒரு பையன் வரைந்ததைப் பார்த்தாள், இவள் மூக்கைக் கொடமிளகாய் மாதிரி போட்டிருந்தான், இன்னொருத்தி கையில் ஆறு விரல். அன்றோடு சரி. சமையல் ஆகிறபோது மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் வேகாது, வெந்தால் தானாக வாசனை வரும் என்று விட்டுவிட்டாள். இந்த டீச்சரிடம் ஒரு விநோதம் உண்டு, அதைத்தான் அவள் மேடையிலிருந்து கவனித்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் இவளைத் திரும்பச் சொல்வார்கள். டீச்சர் தானே சுற்றுவாள். படச்சட்டத்தை நாற்காலியைத் தள்ளுகிற மாதிரி தரதரவென்று இழுத்துக்கொண்டு இவளுக்குப் பக்கவாட்டில் போவாள், கொஞ்ச நேரம் தீட்டுவாள், அப்புறம் முதுகுப்பக்கம், அப்புறம் ஸ்டூலில் ஏறி மேலேயிருந்து, ஒருநாள் பாயை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் பார்ப்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வராது, ஆனால் தெரியும், வெயில் நகர்வது தெரிகிற மாதிரி. மேடையில் ஆடிய காலத்தில் இப்படிப் பார்த்தது ஒரே ஓர் ஆள். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமி. "சனங்க காசு குடுத்து உன்னை முன்னால பாக்குது. நான் காசு வாங்கிக்கிட்டுப் பக்கத்துல இருந்து பாக்குறேன். எது நல்லாருக்குன்னு எனக்குத்தான் தெரியும்," என்பான். எது நல்லாருக்கு என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆர்மோனியத் துருத்தியை அமுக்கினான். பிற்பாடு அவனையே கட்டிக்கொண்டாள், நடேசனைப் பெற்றாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவன் போய்ச் சேர்ந்தான். என் பக்கவாட்டு எப்படி இருக்கும், என் முதுகு ஆடும்போது எப்படி இருக்கும்? கண்ணாடியில் முதுகு தெரியாது. தெரிய வேண்டுமானால் திரும்ப வேண்டும், திரும்பினால் அது ஆடுகிற முதுகு இல்லை, திரும்பிப் பார்க்கிற முதுகு. அத்தனை வருஷம் ஆடினாள், அவள் ஆடியதை அவள் மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கீழே தெருவில் எழவு மேளம் வந்தது. முதலில் எங்கோ ரயில்வே பாலத்துப் பக்கம் ஒரு வெடி, அப்புறம் தாரை ஒரு நீள ஊளை, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறை. விசிறியும் நின்றுபோன அறையில் வேறு சத்தமே இல்லை, ஜன்னல் வழியாக அது நேராக வந்து மரப்பெட்டிகளில் ஏறி, மரத்துப்போன பாதத்துக்குள் நுழைந்தது. போச்சு, என்று கமலவேணி நினைத்தாள். மெட்ராஸ் எழவு மேளத்தை அவள் அறிவாள், செத்தவனையும் எழுப்பி ஓர் ஆட்டம் ஆடவிட்டுத்தான் பாடையில் படுக்கவைக்கும் மேளம் அது. டண்டணக்கா, டணக்குணக்கா. இரண்டாவது அடியில் இடுப்புக்கு ஓர் அழைப்பு வந்தது. மூன்றாவது அடியில் இறங்கிய தோள் தானே ஏறப் பார்த்தது. ஏறாதே. ஏறினால் கம்பத்தில் அவன். அவள் நடேசனை நினைத்தாள், ஏணியை நினைத்தாள், காக்கிச் சட்டையின் கிழிந்த பையை நினைத்தாள், நேற்றுக் காலை அவன் இட்டிலியைச் சட்டினியில் முக்கி எடுத்ததை, அவன் பின்னந்தலையில் சுழி இருக்கிற இடத்தை, கற்பூரச் சூட்டோடு கை போய் உட்கார்ந்த இடத்தை. மேளம் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது, மண்டி வாசலில் நிறுத்தி அடிக்கிறார்கள், செத்தவர் தோல் வியாபாரத்தில் இருந்தவர் போலும். யாரோ விசில் அடித்தான். உள்ளங்கால் முழுவதும் மேளம்தான். மரத்த காலுக்கு ரத்தம் திரும்பி ஊசி ஊசியாகக் குத்தியது, ஒவ்வொரு குத்தும் தாளத்தில் குத்தியது. வயிற்றை இறுக்கினாள். தொடையை இறுக்கினாள். கண்ணை மட்டும் மூட முடியாது, கண் படத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் டீச்சரின் தூரிகை என்றுமில்லாத வேகத்தில் போகிற சத்தம் மேளத்துக்கு இடையிடையே கேட்டது, துணியில் சரக் சரக்கென்று. ஆடவில்லை தாயே, பார்த்துக்கொள், நின்றுகொண்டிருக்கிறேன், நிற்கலாம் என்று நீதான் வெள்ளைப் பூ கொடுத்தாய். ஒரு சொட்டு வியர்வை காதுக்குப் பின்னால் பிறந்து கழுத்தெலும்புக்கு வந்து, தயங்கி, ரவிக்கைக்குள் போயிற்று. அது ஒன்றுதான் அவள் உடம்பில் அசைந்தது. மேளம் கிளம்பிற்று. வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் தேய்ந்து தேய்ந்து போய், கடைசியில் ஒரு வெடிச் சத்தம் மட்டும் வந்தது. கமலவேணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டாள். இத்தனை வயதுக்கு அவள் செய்த பெரிய காரியம் இதுதான், ஒருத்தருக்கும் தெரியாது.

தூரிகை நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது என்று அவள் கவனிக்கவில்லை.

"போதும்க்கா. இறங்குங்க." டீச்சர் படச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "வந்து பாருங்க. இன்னிக்கு நீங்க பாக்கணும்."

"எனக்கென்ன டீச்சர் தெரியும் இதுல. மூக்கு எங்க, வாய் எங்கன்னு தேடுவேன்."

"தேடுங்க, பரவால்ல."

குடத்தைக் கீழே வைத்தாள், காலை உதறினாள், ஊசிகள் உதிர்வதற்கு நேரமாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் படத்தின் அந்தப் பக்கம் போனாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவளைவிட உயரமான துணியில் செங்கல் நிறமும் மஞ்சளும் நீலமும் வெட்டுத்துண்டுகளாகக் கிடந்தன, தையல்காரன் வீட்டுத் தரை மாதிரி. பச்சை மட்டும் குடத்தின் பச்சை என்று பிடிபட்டது, ஆனால் குடம் ஓரிடத்தில் இல்லை, ஒரு சில்லு இங்கே, ஒரு சில்லு அங்கே, படம் முழுக்க வட்டமாக ஓடியது. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு முழங்கை இருந்தது, கூராக. அதற்கு மேல் ஒரு தோள். அந்தத் தோள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை தன்னையறியாமல் தன் தோளைத் தொட்டது. அப்புறம் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள், ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கதவிடுக்கிலிருந்து வருகிற மாதிரி. குனிந்தவள், தூக்கியவள், திட்டியவள், சலித்தவள், திரும்பியவள். ஐந்து பேர், நடுவில் பம்பு. ஒருத்தி முகம் நேராகவும் இருந்தது, பக்கவாட்டிலும் இருந்தது, ஒரு கண் இவளைப் பார்த்தது, இன்னொன்று பக்கத்திலிருப்பவளைப் பார்த்தது. ஒருத்திக்கு மார்பும் தெரிந்தது, அதே நேரத்தில் முதுகும் தெரிந்தது. முதுகு. கமலவேணி அந்த முதுகின் முன்னால் நின்றாள். நடுவில் பள்ளம் விழுந்து, இடுப்புக்குப் போகும் வழியில் ஒரு பக்கமாக வளைந்து, செங்கல் நிறத்தில் மூன்றே மூன்று பட்டை. அது யாருடைய முதுகு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாழ்நாளில் அதை அவள் பார்த்ததே இல்லை என்றாலும். பொன்னுச்சாமி பார்த்தது இதைத்தான். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சனங்கள் பார்த்ததும், பக்கத்திலிருந்து அவன் பார்த்ததும், பின்னால் திரைச்சீலை இழுக்கிறவன் பார்த்ததும், பந்தலுக்கு மேலே எந்தத் தெய்வமாவது இருந்திருந்தால் அது குனிந்து பார்த்ததும், எல்லாம் ஒரே கண்ணால் ஒரே நேரத்தில் பார்த்ததுபோல் இருந்தது. எத்தனை பெரிய ஆட்டம். இதையா ஆடினேன், நானா, என்று அவளுக்கு மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. ஐந்து பேரில் ஒருத்தியும் தண்ணீர் பிடிக்கவில்லை. மரத்துப்போன காலும் இறுக்கிய தொடையும் அடக்கிய இடுப்பும் அப்படியே அங்கே இருந்தன, அடக்க அடக்க அங்கே ஏறியிருந்தன. சற்றுமுன் வந்து போன மேளம் அந்தக் கடைசிக்காரியின் கழுத்தில் இருந்தது. ஐந்து பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தும் அவள்.

அப்புறம்தான் பயம் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. விசிறி எப்போது சுற்ற ஆரம்பித்தது என்று தெரியவில்லை, கிறீச்சென்று மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"நான் குழாயடிப் பொம்பளைங்களத்தான்க்கா வரைய ஆரம்பிச்சேன்," என்றாள் எஸ்தர்ராணி. புடவை முந்தானையில் சாயக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பேருகூட அதான் வெச்சிருந்தேன். நீங்க நிக்க நிக்க எல்லாம் மாறிப்போச்சு. எவ்வளவு சாதாரணமா நிக்கச் சொன்னாலும் அது ஆட்டமாத்தான் வருது. நான் எதையும் கூட்டலை. நீங்க டான்ஸ் ஆடினவங்களாக்கா?"

"ஆட மாட்டேன்னு சத்தியம் பண்ணினவ, டீச்சர்."

சொன்னாள், எல்லாவற்றையும். கற்பூரம், தலை, கம்பம், வெள்ளைப் பூ. நின்றால் போதும், அசையாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது, சாமியை ஏமாற்றப் போய்த் தானே ஏமாந்த கதை. டீச்சர் சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததும் மேஜையிலிருந்து சாயம் சுரண்டும் கத்தியை எடுத்தாள்.

"இன்னும் காயலை. சுரண்டினா வந்துரும். நீங்க சொன்னாச் செய்யறேன்க்கா, நெசமாத்தான் சொல்றேன்." கத்தியோடு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இந்தப் படத்துக்காக டீச்சர் காலேஜில் லீவு போட்டதும், பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கடியில் வெந்ததும், இதுவரை வரைந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பாடம், இது ஒன்றுதான் படம் என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் கமலவேணிக்குத் தெரியும். தெரிந்ததால் வாய் வரவில்லை என்று சொன்னால் அது பொய். சுரண்டுங்க என்கிற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு தலை, ஒரே ஒரு பிள்ளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, துணியும் சாயமும்தானே, ஆயிரம் வரையலாம். சொல்ல வாயெடுத்து இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அந்த முதுகு அங்கேயே இருந்தது. கத்தி முதலில் எங்கே இறங்கும்? முதுகிலா, அந்தத் தோளிலா? சுரண்டிவிட்டால் ஆடினது இல்லையென்று ஆகிவிடுமா? ஆடியாயிற்று. இத்தனை வாரமாக ஆடியாயிற்று, இத்தனை வாரமும் அவன் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து இட்டிலி தின்றுகொண்டுதான் இருக்கிறான். அதை வைத்துத் தெய்வம் மன்னித்துவிட்டது என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. தெய்வம் மெதுவாகவும் வரும். அவனிடம் இன்றைக்கு ராத்திரி சொல்லியாக வேண்டும், அவன் மறுபடி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அழுவான், அழட்டும், மறைக்க மாட்டாள். ஆனால் அவன் தலை. அதைச் சத்தியத்தில் இழுத்தது அவன் இல்லை. அவள்தான் ஒரு வரி கூட்டிச் சொன்னாள், அவள் கைதான் வைத்தது. வைத்த கை எடுக்காதா?

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கற்பூரத் தழும்பு ஒன்றும் இல்லை, அது எப்போதோ ஆறிவிட்டது, வேலை செய்த கை, ரேகையெல்லாம் தேய்ந்த கை. அங்காளம்மா, பூப்போட்டுக் கேட்கவில்லை, சொல்லத்தான் வந்தேன். ஆடினது நான். அந்தத் தலையை விட்டுவிடு. அவன் பச்சைப்பிள்ளை, அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்ன வரவேண்டுமோ அது இங்கே வரட்டும். சொல்லிக்கொண்டே கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில், நரை வகிட்டின்மேல், அழுத்தி வைத்துக்கொண்டாள். வைத்ததும் கண்ணீர் கொட்டிற்று. பாரம் இறங்கவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். இந்த இடத்தில் அது அவளுக்குச் சுமக்கக் கூடியதாக இருந்தது.

டீச்சர் கத்தியை மேஜைமேல் போட்ட சத்தம் கேட்டது.

"அக்கா." அந்த அக்கா புதிதாக இருந்தது. "அந்தக் கையை எடுக்காதீங்க. அப்படியே மேடைக்கு வர முடியுமா? பம்புக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு. யாருக்குன்னு தெரியாமயே விட்டு வெச்சிருந்தேன்."

கமலவேணிக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு கை மிச்சம் இருந்தது, அதால் துடைத்துக்கொண்டாள். தலைமேல் வைத்த கையை எடுக்காமல், மரப்பெட்டியில் வலது காலை ஊன்றி ஏறினாள். குடம் வேண்டுமா என்று டீச்சர் கேட்கவில்லை, எப்படி நிற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவளாகவே இடம் பார்த்தாள். முட்டியை மடக்கினாள். இடுப்பு போக வேண்டிய பக்கம் போகட்டும் என்று விட்டாள், தோள் இறங்கட்டும் என்று விட்டாள், இத்தனை வாரமாக இழுத்துப் பிடித்திருந்த எதையும் பிடிக்கவில்லை. மேலே விசிறி சுற்றியது. துணியில் தூரிகை பட்டது.

"மூச்சு விட்டுக்கலாம்க்கா, பரவால்ல," என்றாள் டீச்சர்.

"நீங்க வரைங்க டீச்சர், நான் ஆடிக்கிட்டிருக்கேன்," என்றாள் கமலவேணி. அவள் உடம்பில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.